பேஹெட் சாலையில் நான்கு சீட்டு

விடிகாலை ஐந்தரைக்கு வரிசையில் சேர்ந்தேன்.
இப்போது மணி இரண்டு.
முன்னால் எழுபது லாரி, பின்னால் எண்ணவில்லை.
என் முதுகில் இருபத்திரண்டு டன் ஆரஞ்சு
குளிர்ப்பெட்டிக்குள் உறுமிக்கொண்டிருக்கிறது.
டர்பன் துறைமுகத்துக் கிரேன்கள்
எங்களைத் தெரியாதவர்கள் போல
கடல் பக்கம் கழுத்தைத் திருப்பிவிட்டன.

தஃபட்ஸ்வா பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டான்.
தோகோசானி சோடா மூடிகளைக் கொட்டினான்,
மூடிக்கு ஐம்பது சென்ட்.
"ஒமாஹா ஆடுவாயா, மொகாம்பரி?"

மெரிபேங்க் கை இது. துனி ஆடிய கை.
எங்கள் ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரியவன்,
அவனுக்கு அடுத்தது ஒன்பது.
ராஜாவும் ராணியும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து
மிச்சம் மீதியைச் சாப்பிடுவார்கள்.
"இங்கே அப்படி இல்லை" என்று
என் ஜாக்கியை நான்காம் படிக்கு இறக்கினான் தஃபட்ஸ்வா.
ஒன்பதைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

கைக்கு நான்கு சீட்டு.
நடுவில் ஐந்து, எல்லாருக்கும் பொது.
முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒன்று, பிறகு ஒன்று.
திறக்கத் திறக்கப் பந்தயம்;
நடுவில் கிடப்பதற்கு மேல் யாரும் ஏற்றக்கூடாது.
கையில் இரண்டு, தரையில் மூன்று.
இரண்டென்றால் இரண்டு.
ஒன்றே போதும் என்று சொல்ல முடியாது,
மூன்று வைத்திருக்கிறேனே என்று முனகவும் முடியாது.
தலையாட்டினேன்.
காதுக்கு விளங்கியது, கைக்கு இல்லை.

மூன்றாம் சுற்றில் எனக்கு ஆட்டின் ஏஸ்.
கிரேட்டின் மேல் ஆட்டின் ராஜா, ஒன்பது, ஏழு,
பிறகு ஆட்டின் இரண்டு.
நான்கும் சிவப்பு, என்னுடையது ஐந்தாவது,
அதுவும் எல்லாவற்றுக்கும் தலை!
கடைசிச் சீட்டு கிளாவர் ஜாக்கி. யாருக்கு வேண்டும்?
இருந்த மூடியெல்லாம் தள்ளினேன்.
தஃபட்ஸ்வா திறந்தான்:
ஆட்டின் நான்கு, ஆட்டின் மூன்று.
பிச்சைக்காரச் சீட்டுகள்.
ஆனால் இரண்டு.
என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆட்டின்,
பக்கத்தில் ஸ்பேட் ஏஸ்.
ராஜாங்கம் கலைந்து ஒரு ஜோடி ஏஸ் மட்டும் மிச்சம்.

முப்பத்தெட்டு மூடி. பத்தொன்பது ரேண்ட்.
கால் பன்னி சௌ கூட வராத காசு,
ஆனாலும் காது மடல் சுட்டது.

சாக்ரென் சிரிக்கவில்லை; அவன் சிரித்திருக்கலாம்.
வேர்க்கடலை உரித்தபடி சொன்னான்:
"ஏஸ் மூன்று வந்தால் குதிக்காதே,
மூன்றாவது உன் கையிலேயே செத்த பிணம்,
தரைக்கு இனி அது வராது.
நான்கும் ஒன்றையொன்று தெரிந்தவையாய் இருக்கணும்.
இல்லையென்றால் போட்டுவிடு.
அப்புறம், தோற்கிற கை உன்னை ஒன்றும் செய்யாது.
இரண்டாவது நல்ல கைதான் ஆளைத் தின்னும்."

போட்டேன்.
மூன்று ராஜா வந்தது, போட்டேன்.
ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டே இருந்தேன்.
வேர்க்கடலை தீர்ந்தது.
வரிசை ஒரு லாரி நீளம் நகர்ந்தது.

பிறகு வந்தன:
எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி.
இரண்டு ஸ்பேட், இரண்டு டைமண்ட்.
ஒரே தெருவில் நான்கு வீடு.
தரையில் ராணி, ஏழு, இரண்டு,
நான்காவதாய் ஒரு பத்து.
மனசுக்குள் எண்ணினேன்:
ஆறு, எட்டு, ஒன்பது, ஜாக்கி, ராஜா,
இனி பதினேழு சீட்டு எனக்கு உறவு.
தோகோசானி ஏற்றினான். நான் விடவில்லை.
தஃபட்ஸ்வாவின் கை கட்டின் மேல் போனது.

கேட் திறந்துவிட்டது.
முன்னாலிருந்து ஹார்ன், பின்னாலிருந்து வசவு,
மூன்று மொழியில்.
மூடிகள் உருண்டன, கிரேட்டை யார் எடுத்தார்களோ,
நான் கேபினுக்குள் ஏறினபோது
என் நான்கு சீட்டும் என் கையிலேயே இருந்தன.

எட்டு லாரிக்கு முன்னால்
தஃபட்ஸ்வா ஜன்னல் வழியே கையை நீட்டி
அந்த ஐந்தாம் சீட்டைக் காட்டுகிறான்.
வெயில் பட்டு
வெள்ளையாய் மட்டும் மின்னுகிறது.
சிவப்பா கறுப்பா கூடத் தெரியவில்லை.
முதல் கியரைப் போடுகிறேன்.