பருத்தி வயலில் ஒரு சிப்பி

பின்னிரவு இரண்டு மணி. நஸ்மியேவின் முறை.
மெந்தெரெஸ் ஆற்று வாய்க்காலில்
மடையைத் திறந்துவிட்டு
மண்வெட்டிப் பிடியில் தாடையை ஊன்றி நிற்கிறாள்.
நீர் பாத்தி பாத்தியாக
இருட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே போகிறது.

ஆறாவது பாத்தியில் அடைப்பு.
குனிந்து கையை விட்டாள்:
வேர், சேறு, போன வருடத்து உரச்சாக்கின் கந்தல்,
அப்புறம் அது.
ரப்பர் பூட்ஸில் துடைத்து
நெற்றி விளக்கில் பிடித்தாள்.
வரி வரியாய் ஒரு சிப்பி.

இதில் என்ன இருக்கிறது?
இந்தச் சமவெளியில் உழுத இடமெல்லாம் கிடைப்பதுதான்.
எத்தனையோ முறை எடுத்து எறிந்திருக்கிறாள்.
இன்று கை எறியவில்லை.

கடல் இங்கிருந்து எட்டு கிலோமீட்டர்.
"நடந்தா வந்தாய்?" என்றாள்.
சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.
கடல் போய்விட்டதா,
நிலம் வந்துவிட்டதா?
நின்ற இடத்திலேயே நிற்கும் ஒருத்திக்கு
இரண்டும் ஒன்றுபோல்தானே தெரியும்?

தூரத்து மேட்டில் உடைந்த அரங்கம்.
அங்கே பயணிகளுக்குத் தண்ணீர் பாட்டில் விற்ற கோடைகளில்
வழிகாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறாள்:
இது துறைமுகமாம், ஒன்றல்ல, நான்கு.
பாய்மரங்களின் சத்தத்துக்கு நடுவே
எல்லாம் தண்ணீர்தான் என்று ஒருவர் சொன்னாராம்.
கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.
கயிறு சுற்றிக்கொண்டிருந்த எவனோ மட்டும்
அன்றிரவு தூங்காமல் புரண்டிருப்பான்.

இப்போது படிகளுக்குக் கீழே தேங்கிய நீரில்
தவளைகள் விடிய விடிய வாதாடுகின்றன.
ஒன்றும் முடிவாவதில்லை.
ஒரு தவளையும் எழுந்து போவதில்லை.

வண்டல் படிந்து படிந்து
கேள்வி கேட்ட ஊரே கரையேறிவிட்டது.
பதில்கள் என்ன ஆயினவோ.
சிப்பி கிடைக்கிறது.

செல்போன் அதிர்ந்தது. தாஜெத்தின்.
"ஏழாம் பாத்திக்குத் தண்ணி வரலையே,
தூங்கிட்டியா?"
"இல்லை" என்றாள்,
"முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."
எப்போதிலிருந்து என்று அவன் கேட்கவில்லை.

ஆறாம் பாத்தியின் வரப்பு உடைந்திருந்தது.
செடிகளுக்கு நடுவே கணுக்காலளவு நீர்,
அதில் பாதி வானம்.
மண்வெட்டியை எடுத்தவள்
உடனே அடைக்கவில்லை.
அந்தத் தாமதத்துக்கு
அரை நாள் கூலி பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

சிப்பியைச் சட்டைப் பையில் போட்டுப்
பொத்தானை மாட்டினாள்.
பிறகு அடைத்தாள்.