உடைந்த ஜன்னல்களின் கணக்கு

புதன்கிழமை புது இதழ் வரும்.
வேனின் முதுகில் ஆறு கண்ணாடிப் பலகைகள் சாய்ந்திருக்க,
சாப்பாட்டு நேரத்தில் வெண்டல் சபோவின் கடைக்குப் போவேன்.
"விட்டில் வந்தாச்சா?" என்பேன்.
தலை நிமிராமல் உறையிலிட்டு நீட்டுவான்.
இருபத்திரண்டு வருஷமாக
எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

டொலீடோவில் ஜன்னல் மாட்டுவது என் பிழைப்பு.
அதனால் படிக்கும்போது விரல் சும்மா இராது,
எண்ணும்.
ஒன்பதாம் பக்கம்: வில்லன் ஒரு பஸ்ஸைத் தூக்கி
வங்கியின் மேல் எறிகிறான்.
முப்பத்தெட்டு ஜன்னல்,
வாசலில் ஒரு சுழல்கதவு, அது தனி விலை.
அடுத்த மாத இதழில் எல்லாம் மாட்டியிருக்கும்,
ஓரத்துப் பிசின்கூடக் காய்ந்து.
அந்த ஊரில் என்னைப்போல் ஒருத்தி
ராப்பகலாய் ஏணியில் நின்றிருக்க வேண்டும்.
ஒரு கட்டத்திலாவது அவளை வரையக் கூடாதா?
முதுகையாவது?

ஊருக்கு ஆபத்தென்றால்
கூரைமேல் பெருவிளக்கு ஏற்றுவார்கள்,
விட்டில் பறந்து வருவான்.
கடமை என்கிறான் வெண்டல்.
விளக்கைக் கண்டால் விட்டில் வேறென்ன செய்யும்
என்கிறேன் நான்.
போன கோடையில் இதற்காக மூன்று வாரம்
அவன் என்னோடு பேசவில்லையாம்.
எனக்கு அது தெரியவே இல்லை.

அக்டோபர் வந்தால் வேறு பைத்தியம்.
ஆற்றங்கரைத் தியேட்டரில் ஹீட்டர் ஓடாது,
கோட்டைக் கழற்றாமல் ஏழு பேர்.
திரையில் கோணல் ஊர், புகைபோக்கிகள்
பிழிந்து போட்ட துணிபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும்.
செத்தவர்களுக்குப் பல் கட்டும் வைத்தியன்,
கால்கள் இரண்டும் ஒட்டடைக் கம்பு.
அவன் மணக்கப்போகிறவளுக்கு நிழல் கிடையாது.
இரவல் நிழலோடு கல்யாணத்துக்கு வருகிறாள்,
அளவு பெரிது, தரையில் இழுபடுகிறது,
பூனையொன்று அதன் நுனியைக் கவ்விக்கொண்டு பின்னால் வருகிறது.

காமிக்ஸில் செத்தவன் ஆறு மாதத்தில் திரும்புவான்,
புது உடுப்போடு, விற்பனைக்காக.
இங்கே பழைய உடுப்போடேயே வருகிறார்கள்,
பல் மட்டும் புதிது.
எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.
ஏனென்று கேட்டால் தெரியாது.

அழ வேண்டிய அந்தப் பூனைக் கட்டத்தில்
சிரித்துவிட்டேன்.
இரண்டு இருக்கை தள்ளி இன்னொரு சிரிப்பு.
டெல்ஃபின் ரூக்கர்,
பதினொன்றாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர், சீருடையோடு.
இடைவேளையில் பாப்கார்னை என் பக்கம் சாய்த்தாள்.
பையிலிருந்த இதழைக் காட்டினேன்,
முப்பத்தெட்டு என்றேன் பெருமையாக.

ஒன்பதாம் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.
"இதை ஓட்டிக்கொண்டிருந்தது யார்?"

கைபேசி வெளிச்சத்தில் இருவரும் குனிந்தோம்.
டிரைவர் இருக்கையில் மையின் ஒரு சிறு கீற்று.
தொப்பி என்றாள் அவள்.
அச்சுப்பிழை என்றேன் நான்.
இல்லை, தொப்பிதான், பார், இது முன்விளிம்பு.

அப்புறம்தான் உறைத்தது,
பஸ்ஸின் ஜன்னல்களை
நான் எண்ணவே இல்லை.