உபரிப் பட்டன்

திங்கட்கிழமை பத்தரைக்கு எஃப் கீ தெறித்தது.
தமிழ்99-இல் அதுதான் புள்ளி.
பணம் பணம ஆனது. நூல் நூல.
பாக்கி மட்டும் பாக்கியாகவே நின்றது,
இரட்டித்தால் புள்ளி தானாக விழும்.
'ங்க'வும் தப்பித்தது.
திருப்பூரில் கடன் கேட்க அது போதும்:
குடுத்துருங்க.

பழைய லேப்டாப் தடி.
அடியில் இரண்டு ஸ்குரூ, நகத்தால் ஒரு நெம்பு,
இட்லித் தட்டு மாதிரி கீபோர்டு எழுந்து வரும்.
எட்டு வருஷத்தில் மூன்று மாற்றினேன்.
அழுத்தினால் இறங்கும்,
இறங்கியது விரலுக்குத் தெரியும்.

இது மெலிசு.
முதலாளி மகன் இரண்டு விரலில் தூக்கிக் காட்டினான்.
அரிசிக்கனம் இறங்கித் தகட்டில் முட்டும்.
சாயங்காலம் லோடு ஏறும் நேரத்துக்கு
சுண்டுவிரல் கணு தனியாகத் துடிக்கும்.

காங்கேயம் ரோட்டில் ஜெய்லானி
பின்மூடியைக் கழற்றினார்.
"பேட்டரி, போர்டு, ஃபேன்,
எல்லாத்துக்கும் அடியிலீங்க இது.
பிளாஸ்டிக்க உருக்கி அடிச்சிருக்கான், எண்ணிப் பாருங்க."
எழுபத்தொன்று.
மேல்தகட்டோடு மாற்றப் பதினோராயிரம்.

பட்டன் போனால் முன்பக்கத்தையே மாற்று என்று
ஒரு காலர் பனியனை அனுப்பினால்
பையர் கன்டெய்னரோடு திருப்புவான்.
உள்தையலில் உபரிப் பட்டன் வைத்தல்லவா
பெட்டி கட்டுகிறோம்.

"அதிகம் தொடாத கீ எதுங்க?"
யோசித்தேன். இசட். அதில் இருப்பது ஔ.
ஊசியால் கொக்கியை நெம்பி
ரப்பரோடு பெயர்த்துப் புள்ளியின் இடத்தில் வைத்தார்.
குழிக்குள் பஞ்சு, இளநீலம்,
போன மாசம் போன ஆர்டர்.
"எரநூறு குடுங்க."

சௌந்தரம் டையிங் இப்போது சவுந்தரம் டையிங்.
அவர்கள் கவனிக்கவில்லை,
பணமும் தரவில்லை.

கன்ட்ரோலோடு அழுத்தி
செய்ததைச் செய்யாததாக்கவும்
அந்தக் கீதான் என்பது
பஸ் ஏறின பிறகுதான் நினைவு வந்தது.
காலிக் குழியை ரீஃபில் முனையால் குத்துகிறேன்,
அவ்வளவு பெரிய தப்பாக இருந்தால்.
சின்னத் தப்புகள் அப்படியே போகின்றன.

எஃப்பின் மேல் ஒரு மேடு இருக்குமே,
பார்க்காமல் விரல் வந்து உட்கார.
அதற்கு ஜெய்லானி ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டார்.
நடுவில் இல்லை, கொஞ்சம் இடப்பக்கம்.
ஒரு வாரமாக என் ஆள்காட்டி விரல்
கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியே
உட்காருகிறது.