ஐந்து மில்லி

சுவரில் ஒன்றரை இருக்கும்.
என் சட்டையில், பொத்தான் வரிசைக்கு இடப்பக்கம், ஒன்று.
தலையணை உறை எவ்வளவு குடித்தது என்று
தலையணை உறை சொல்லாது.

நான் அளவுமானிக்காரன்.
மினா அல் அஹ்மதியில் கப்பலுக்குப் போகும் எண்ணெய்
ஆள் படுக்கிற அகலக் குழாய்க்குள் ஓடும்போது
எத்தனை பீப்பாய், எவ்வளவு சூடு, எவ்வளவு தண்ணீர் என்று
புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதிக்
கையெழுத்துப் போடுகிறவன்.
கணக்கு இடித்தால்
மூன்று நாட்டிலிருந்து போன் வரும்.
இன்றைக்கு ஐந்து மில்லி.
எனக்கே தெரியவில்லை.

கெசியாவுக்கு இரண்டு வயது நான்கு மாதம்.
வலது காதில் சீழ்.
மருந்துக்கு வாழைப்பழ வாசனை,
வாழைப்பழத்தைக் கேள்விப்பட்ட யாரோ செய்தது.

வேண்டாம் என்பதை அவள் மூன்று விதமாகச் சொல்வாள்.
'மாத்தேன்' எங்களுக்கு.
'நோ' கிரெச்சில் மரிசெல் மிஸ்ஸுக்கு.
'லா' லிஃப்ட்டில் கன்னம் கிள்ள வரும்
மூன்றாம் மாடி எகிப்துக்காரருக்கு.
இன்று மூன்றும் எனக்கே.

லபனில் கலந்தேன்.
ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கோப்பையை நீட்டினாள்:
'அப்பா குச்சி.'
பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு
அந்தக் குழியில் ஊற்றினேன்.
பழத்தை நக்கிக் காயவைத்துத் தந்தாள்.
ஜன்னலுக்குத் தூக்கிப் போனேன்.
ஷுஐபா பக்கம் எரியும் தீயைக் காட்டி
அது பார் அது பார் என்று வாய் பிளந்த நேரத்தில்
செலுத்தினேன்.
சுவரில் உள்ள ஒன்றரை அதுதான்.

அப்புறம் செய்ததை எழுதக் கூடாது.
துண்டில் கையைச் சுற்றினேன்.
முழங்காலுக்கு இடையில் இடுக்கினேன்.
மூக்கைப் பிடிக்க விரல் போனது.
அழவில்லை அவள். பார்த்தாள்.
லிஃப்ட்டில் எகிப்துக்காரரைப் பார்க்கிற பார்வை.

துண்டை அவிழ்த்தேன்.
ஊசியில்லாத அந்தக் குழலைக் கட்டிலில் போட்டேன்.
மீதி மருந்து அதிலேயே இருந்தது.

அவள்தான் எடுத்தாள்.
என் தாடையைப் பிடித்தாள், சரியாக,
கட்டைவிரல் ஒரு பக்கம், மற்றது மறுபக்கம்.
'யல்லா ஹபீபி. ஆ. கன்னத்துப் பக்கம். மெதுவா.
நாக்கு மேல இல்ல.'
மழலை அல்ல அந்தக் குரல்.
தேய்ந்த, அவசரப்படாத,
பன்னிரண்டு கட்டில் தாண்டி வந்த குரல்.

ஜெபிலா.

வார்டில் அவள் பேசி நான் கேட்டதில்லை.
அவள் இரவு, நான் பகல்.
காலை ஏழே காலுக்கு இந்த வாசலில்
ஒரு தோளிலிருந்து ஒரு தோளுக்குக்
குழந்தை மாறும்.
எண்ணெய் கப்பலுக்கு மாறுகிற இடத்தைக்
கைமாற்றுப் புள்ளி என்போம் வேலையில்.
அங்கே இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.
இங்கே 'சாப்பிட்டாளா', 'சாப்பிட்டா',
அவ்வளவுதான்.

'லா' என்றேன் நான்.
'மாத்தேன்' என்றேன்.
என் கன்னத்தைத் தட்டினாள்:
'சூப்பர் பாய். அம்மா வந்துருவா.'
இரண்டு சொட்டு என் வாயில் விழுந்தது.
கசப்பு. வாழைப்பழமே இல்லை.

பிறகு என் விரலை எடுத்துக்
குழலின் பின்புறத்தில் வைத்துக்கொண்டு
கன்னத்தைத் தானே திருப்பினாள்.
விழுங்கும் சத்தம் கேட்டது.
வாயைத் திறந்து, காலியைக் காட்டி,
'கலாஸ்' என்றாள்.

ஃப்ரிட்ஜில் ஜெபிலா ஒட்டிய அட்டை:
நேரம், அளவு, கொடுத்தவர்.
ஒன்பது ஐம்பது என்று எழுதினேன்.
அளவு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
போனில் கேட்டேன்.
'திரும்பக் குடுத்துராத' என்றாள்,
பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்,
'போனது போகட்டும். காலைல பாத்துக்கலாம்.'

போனது எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

இரண்டு, சுமார், என்று எழுதினேன்.
பதினோரு வருட வேலையில்
அந்தச் சொல்லை எந்தத் தாளிலும் எழுதியதில்லை.
பக்கத்தில் கையெழுத்து போட்டேன்.
கீழே இன்னொன்றுக்கு
இடம் விட்டேன்.