மைனஸ் முப்பத்தொன்றில் ஒரு கணக்கு

வின்னிபெக் மாநகராட்சி, நான்காம் மாடி.
மேசைமேல் மூன்று கோப்புகள்:
ரயில்,
தனிப்பாதைப் பேருந்து,
இப்போது ஓடுவதையே வண்ணமடித்து ஓட்டுவது.

ஒரெஸ்ட் ஹ்னாட்யுக் ரயில் கட்சி.
தண்டவாளம் ஐம்பது வருஷம் உழைக்கும்,
பேருந்து பன்னிரண்டில் பழைய இரும்பு என்பார்.
காலீன் பேருந்து கட்சி.
உங்கள் ஒரு கிலோமீட்டர் காசில்
ஊரையே ஒரு சுற்று சுற்றி வருவேன் என்பாள்.
இருவர் சொல்வதும் சரி.
என் தலைவலியே அதுதான்.

தாருக்கு அடியில் பழைய டிராம் தண்டவாளம்
சாலை வெடிக்கும் குளிரில்
அங்கங்கே பல்லைக் காட்டும்.
பேருந்துதான் மலிவு என்று
என் நாற்காலியில் முன்பு இருந்த எவரோ போட்ட கூட்டல் அது.
திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பிழையில்லை.
அன்றைக்கு.

டீசல், மின்சாரம், ஓட்டுநர் சம்பளம்,
உப்பு தின்ற தகடு, பனி வாரும் வண்டி,
எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி உண்டு.
கடைசிப் பத்தியில் பயணிகளின் நேரம்.
கையேடு அதற்கும் விலை சொல்கிறது:
அவரவர் சம்பளத்தில் பாதி.
தெற்கே வக்கீலின் ஒரு மணி அறுபது டாலர்.
வடக்கே தரை துடைப்பவளின் ஒரு மணி
எட்டு.
ஆகவே கோடு தெற்கே போனால் லாபம்.
யாரும் கெட்டவரில்லை,
பெருக்கல் அப்படி.

ஏதோ உறுத்த, ஒருநாள் விடியுமுன்
செல்கர்க் அவென்யூ நிறுத்தத்தில் போய் நின்றேன்.
கையில் கடிகாரம், அட்டை, பேனா.
மைனஸ் முப்பத்தொன்று.
பேனா உறைந்துவிட்டது.
சட்டைப்பையில் நல்லவேளையாக ஒரு பென்சில்.

மருத்துவமனையில் இரவுப்பணி முடித்த
எர்லிண்டா மக்காடங்டங் பக்கத்தில் நின்றாள்.
வீடு நேர்வழியில் மூன்று கிலோமீட்டர்,
பேருந்தோ தலையைச் சுற்றி மூக்கைத் தொடும்.
"சர்வேயா?"
"ஆமாம். ரயில் வேண்டுமா, பஸ் வேண்டுமா?"
கம்பளித்துணியை வாயிலிருந்து கீழே இழுத்துவிட்டு
"எது வரும்?" என்றாள்.

முதல் பேருந்து நிரம்பி வழிந்து
நிற்காமலே போனது.
என் தாளில் அது வெற்றி:
இருக்கைக்கு ஆகும் செலவு குறைவு.
அடுத்ததற்குப் பதினேழு நிமிடம்.
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றோம்.
அவள் இமைமுடியில் வெள்ளை கட்டியது.
கையேட்டின் விலைப்படி அந்தப் பதினேழு நிமிடம்
இரண்டு டாலர் இருபத்தேழு சென்ட்.
மாநகராட்சிச் சம்பளக்காரன் என்பதால்
பக்கத்திலேயே நின்ற எனக்கு ஐந்தரை.

அலுவலகம் திரும்பி, காது இன்னும் எரிய,
எல்லார் மணிக்கும் ஒரே விலை வைத்து
விசையைத் தட்டினேன்.
தூக்கத்தில் ஆள் புரள்வதுபோல
கோடு புரண்டு வடக்கே திரும்பியது.
ஒரெஸ்ட் பார்த்தார். காலீனும் பார்த்தாள்.
மூன்று வருஷத்தில் முதன்முறையாக
இருவரும் ஒரே கட்சி:
"கையேட்டில் இப்படி இல்லையே."

பின்னிணைப்பில் போட்டோம்.
பக்கம் இருநூற்றுப் பதினொன்று.

மார்ச்சில் மன்றம் கூடியது.
ரயில்காரர்கள் பேருந்தின் ஆயுளைச் சொன்னார்கள்,
பேருந்துக்காரர்கள் ரயிலின் கடனைச் சொன்னார்கள்.
மேலும் ஆய்வு தேவை என்று ஏகமனதாய்த் தீர்மானம்.
ஆய்வுக்கு ஒதுக்கிய தொகையை
பழக்கதோஷத்தில் வகுத்துப் பார்த்தேன்.
கணப்பு வைத்த நிறுத்தங்கள்,
முப்பத்தெட்டு.
மீதம் கொஞ்சம் சில்லறை.

புதிய கோப்பு வந்துவிட்டது, மணம்கூடப் போகவில்லை.
முதல் பக்கத்தின் முதல் கட்டத்தில்
எது வரும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.
பென்சிலில்தான்.
மை உறையும் ஊர் இது.