மூன்றாவது துளை

தோட்டப்பாளையம் லாட்ஜின் முன்கூடத்தில்
ஆளுயரத்துக்கு நிற்கிறது.
ஜப்பானில் செய்த உடம்பு, நூறு வோல்ட் வயிறு.
ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளத்துப் பிள்ளைகள்
அப்பாவின் ரிசல்ட் வரும்வரை
எதையாவது சுட்டுக்கொண்டிருக்கட்டும் என்று
முனிரத்தினம் வாங்கிப் போட்டது.
"காசு போடுற கதவு கடிக்குது மேடம்" என்றார் போனில்,
நாயைச் சொல்வதுபோல.

பின்பலகையைக் கழற்றினேன்.
எலிப்புழுக்கை, இரண்டு நாலணா, சீட்டுக்கட்டு ராணி ஒருத்தி.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
முறுக்கிவிட்ட கம்பி, மூன்று இழை.
யாருக்கோ அன்று அவசரம்.

ஜப்பான் கறுப்பில் கரண்ட் ஓடும்.
நம்மூர்க் கறுப்பு நியூட்ரல்.
அந்த யாரோ
கறுப்பைக் கறுப்போடு சேர்த்துவிட்டார்
நிறம் பார்த்துச் சம்பந்தம் பேசுகிறவர்போல.
சுவிட்சை அணைத்தால் திரைதான் இருண்டது.
கரண்ட் உள்ளேயே விழித்துக்கொண்டிருந்தது,
வியர்த்த ஒரு சின்னக் கைக்காக.

லாங் பஜாரில் இம்தியாஸ்
மீட்டருக்கு எட்டு ரூபாய் குறைவென்று ஒரு சுருளை நீட்டினார்.
பிளேடால் சுரண்டினேன்.
செம்புத் தோலுக்கடியில் வெள்ளை.
"அலுமினியம் பாய் இது."
"எல்லாரும் இதத்தானே வாங்கறாங்க."
நான் பிளேடை மடக்கவில்லை.
மேல்தட்டிலிருந்து இறங்கியது
மூன்று கோர், ஒரு ஸ்கொயர், ஐஎஸ்ஐ முத்திரை:
பழுப்பு, நீலம், பச்சைமஞ்சள்.

தகரத் துளையின் விளிம்பு அறுக்காதிருக்க ரப்பர் வளையம்.
தோற்ற பையன் உதைத்தாலும் பிடுங்காதபடி ஒரு கவ்வி.
பழுப்பில் ஃபியூஸ்.
கதவின் பெயின்ட்டைச் சுரண்டி
பளிச்சென்ற இரும்பில் பச்சைமஞ்சளை முடுக்கினேன்.
கதவுக்கும் பிளக்கின் தடித்த காலுக்கும் நடுவே
மீட்டர் பூஜ்யம் காட்டியது.
இந்தப் பரீட்சையில் மட்டும்
பூஜ்யம்தான் முதல் மார்க்.

பிறகு சுவர்.
மூன்று துளைகளில் பெரியதன் பின்னால்
குளவி கட்டிய மண்கூடு.
கம்பி இல்லை.
"கட்டும்போதே அப்படித்தான். ஏசி ரூமுக்கு மட்டும்தான் எர்த்து."

அப்படியானால் நான் போட்டது
சுவர்வரை போய்
கைகட்டி நிற்கும் பச்சை.

கொல்லைப்புறம் காட்டினார். கடப்பாரை குதித்தது.
எட்டடிக் குழி, கரி, உப்பு,
கத்திரி முடியும்வரை தினம் ஒரு குடம் தண்ணீர் என்றேன்.
"குடிக்கவே லாரித்தண்ணி மேடம்,
மண்ணுக்கு ஊத்தறதா?"

ஃபியூஸைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

தினம் போன் வருகிறது.
"மெஷின் ரெடிதானே?"
"ரெடி."
"அப்புறம் ஏன் ஓடல?"
"குழி?"
அந்தப் பக்கம் மௌனம். அதற்குப் பின்னால்
எனக்குப் புரியாத மொழியில்
ஒரு பிள்ளை எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறது.

பாகாயம் பஸ்ஸில் சில்லறையோடு
அதையும் நீட்டிவிட்டேன்.
கண்டக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
கண்ணாடிக்குள் மயிரிழை, அறாமல்.
"இது செல்லாதும்மா" என்று
திருப்பிக் கொடுத்தார்.