காத்தாடி பிஸ்கோத்து

அவர் பேர் ஊவே.
பணகுடியில் இந்தப் பேரோடு
ஒரு மனுஷன் நிம்மதியாக நடமாட முடியாது.
"என்ன வே, டீ சொல்லவா" என்று
யாரோ யாரையோ கேட்டால்
ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
இவர் திரும்பிப் பார்ப்பார்.

காற்று அடங்கிய கார்த்திகையில்
காத்தாடிகளுக்கு ரிப்பேர் பார்க்க வந்தவர்.
பகலெல்லாம் அந்த வெள்ளைப் பனைகளின் உச்சியில்.
சாயங்காலம் இறங்கி வந்து
என் பேக்கரி கண்ணாடிப் பெட்டியை
ஆஸ்பத்திரி ஜன்னல் வழி பார்ப்பதுபோல் பார்ப்பார்.
பன், ரஸ்க், தேங்காய் பன்,
ஒன்றிலும் கண் நிற்காது.

ஒருநாள் பில் புத்தகத்தின் பின்பக்கம்
நீளமாக ஒரு கட்டம் போட்டார்.
"பிரின்டன்" என்றார். "ஆஹன். என் ஊர்."
"பிரிண்டிங் எல்லாம் வள்ளியூர்லதான் சார்"
என்றான் சுயம்பு.

பிறகு போனில் படம் படமாகக் காட்டினார்.
பட்டை, கிராம்பு, சரி.
கொத்தமல்லி விதை.
சாம்பாருக்குப் போடுவதை
பிஸ்கோத்துக்குப் போடுகிற ஊரும் உண்டா?
உண்டாம்.
கடைசியில் ஒரு கிழங்கு,
அதைக் காய்ச்சிய கறுத்த பாகு.
கிழங்குக்கு நான் எங்கே போவேன்.
உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் இருந்தது,
தட்டிப் போட்டேன்.

முதல் தட்டு, கல்.
இரண்டாவது, தளம் போடுகிற கல்.
வாசலில் வீசினேன்,
நாய் மோந்து பார்த்து
என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிற்று.
மூன்றாவதைக் குப்பையில் தட்டப் போகும்போது
ஊவே வந்துவிட்டார்.
ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார், டொக்.
தேங்காய் வாங்குகிறவர்போல்
காதோரம் வைத்து இன்னொரு தட்டு.
கடித்தார்.
கண்ணை மூடிக்கொண்டார்.
எனக்குத் தெரியாமல்போயிற்று,
கல்லாகப் போவதுதான் அதற்குப் பக்குவம் என்று.

மறுநாள் கூட ஒரு ஆளைக் கூட்டி வந்தார்.
நியூரன்பெர்க்காரர், தாடி.
கடித்ததும் முகம் சுளித்தது.
அவர் ஊரில் இதே சாமான்கள் மெத்தென்று வேகுமாம்,
அடியில் வெள்ளை அப்பம் ஒட்டியிருக்குமாம்,
கோயிலில் நாக்கில் வைப்பார்களே அந்த மாதிரி.
இரண்டு பேரும் கல்லாப்பெட்டிக்கு முன்னால்
அரைமணி நேரம் சண்டை.
ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை.
ஆனாலும் எல்லாம் புரிந்தது.
தாமிரபரணித் தண்ணி இல்லாமல் அல்வாவா என்று
எங்கள் ஆட்கள் மெட்ராஸ்காரர்களிடம்
கையை ஆட்டிக் கேட்பார்களே, அதே கை.

தையில் ஊவே போனார்.
பிஸ்கோத்து போகவில்லை.
மேலே கத்தியால் சுயம்பு மூணு கீறல் போட்டான்,
மூணு இறக்கை,
காத்தாடி பிஸ்கோத்து ஆயிற்று.
கண்டக்டர் ஞானப்பழத்துக்கு அதில் கடைவாய்ப்பல் போனது.
மறுநாள் வந்து
கால் கிலோ கேட்டார்,
டீயில் ஊறப்போட.

இந்த ஆனியில் ஒரு பார்சல்.
கிறிஸ்துமஸுக்கு அனுப்பியது,
எந்தெந்த ஆபீசில் தூங்கி எழுந்து வந்ததோ.
தகர டப்பாவில், அசல், ஆஹன்.
கடித்தேன்.
சோம்பு வாசம், ஆரஞ்சுத் தோல்,
பாகில் பனையின் புகை இல்லை.
என்னுடையதுக்கும் இதுக்கும்
டொக் மட்டும்தான் ஒற்றுமை.

அப்படியானால் அன்று சாயங்காலம்
கண்ணை மூடிக்கொண்டு
அந்த மனுஷன் தின்றது எதை?

"நம்மதுதான் தேவலை" என்றான் சுயம்பு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே ஒரு சீட்டு இருந்தது:
ஆப்பிள் துண்டோடு மூடி வைத்தால் இளகும்.
ஆப்பிள் விற்கிற விலைக்கு
ஒரு கீற்றுக் கொய்யா வைத்து மூடினேன்.
இன்னும் திறந்து பார்க்கவில்லை.
கணவாய்ப் பக்கமிருந்து காற்று ஆரம்பித்துவிட்டது,
கடைத் தட்டியை
இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது.